காவடிக்கு ஒரு பெஞ்சு

போன வாரம் எங்கள் பழைய ஆபீஸில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். நல்ல பிள்ளைதான், ஆனால் எதையும் போனிலேயே பார்த்து முடித்துவிடுகிற பிள்ளை.

"மேடம், தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிற ஒரு குழு. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல புது மண்டபமா போட்டுக் குடுத்திருக்கேன். தரையெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. போட்டோ அனுப்பினதுக்கு குழுவைக் கூட்டிப் போற குருசாமி என்னைப் பிடிச்சு ஏசுதாரு. எதுக்குன்னே தெரியல."

"பெஞ்சு இருக்கா அங்கன?"

"பாய் இருக்கு மேடம். மெத்தை கூட இருக்கு."

"ஏட்டி, ஆள் படுக்கவா கேட்டேன்? காவடியை எங்கன வைப்பாங்க, உன் தலையிலயா?"

"ஐயோ" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "இதெல்லாம் எழுதி வைங்க மேடம், எங்களுக்கு உதவும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உதவும்படியாக எழுத வருமா என்று தெரியவில்லை. பெஞ்சு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு நாள்தான். ஆனால் அந்த நாளுக்கு வருவதற்கு முன் எங்கள் வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். படிப்பு முடித்து, டைப்பிங் கற்று, வண்ணார்பேட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கல்யாண வண்டி, கேரளா டூர், பஸ் டிக்கெட் என்று ஓடின. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு முதலாளிக்கு நடைப்பயணக் குழுக்களின் ஏற்பாடு வந்து சேர்ந்தது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்து ஊர்களில் இருந்து பச்சை உடுத்தி மாலை போட்டுத் திருச்செந்தூருக்கு நடப்பவர்கள். அவர்கள் நடப்பார்கள். எங்கே தங்குவது, எங்கே குளிப்பது, சாப்பாட்டு வண்டி எங்கே நிற்பது, திரும்பி வர எத்தனை பஸ் என்பதெல்லாம் எங்கள் தலையில். அதாவது, என் தலையில்.

எங்கள் சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு அக்கா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டாள். "ஏளா, முருகனுக்கு வண்டி போடுதியாமே, இது நல்லாவா இருக்கு?"

"நடக்கிறவங்களுக்குத் தண்ணியும் படுக்க இடமும் பாக்குதேன். அதுல எது தப்புன்னு வசனம் காட்டுங்க, நாளைக்கே விட்டுருதேன்" என்றேன். அவள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். குரலை உயர்த்த மாட்டார். ஒருவர்மேல் கோபம் வந்தால் அவரிடம் நேராகப் பேசவும் மாட்டார். நான் எதிரே நிற்கும்போதே சுவரைப் பார்த்து, "அந்த அம்மா ஹாலைப் போய்ப் பாத்தாங்களா, இல்ல வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டுட்டு வந்துட்டாங்களா?" என்பார். 'அந்த அம்மா' நான்தான். புதிதாக வந்தபோது ஆபீஸில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஹால் பார்க்க அவர் வந்தால் அது ஒரு தனி வேடிக்கை. உச்சி வெயிலில்தான் போவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். சுடுகிறதா, மேலே ஓடா கான்கிரீட்டா, எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மண்டபக்காரர்கள் மாரடைப்பு வந்துவிட்டதோ என்று பதறுவார்கள். எழுந்து குளியல் பக்கம் போய் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்வார். "ஒரு குழாயைத் திறந்தா எல்லா ஊர்லயும் தண்ணி வரும். இவங்க விடிகாலையில எல்லாரும் சேந்துல்லா குளிப்பாங்க" என்பார். கடைசியாக, பக்கத்தில் மதுக்கடை இருக்கிறதா என்று நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்று தலையசைப்பார்.

வண்டி விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. வண்டி எப்போதும் முன்னால் போய்விட வேண்டும். நடப்பவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரவே கூடாது. "பின்னால வண்டி வந்தா கால் வலிக்க ஆரம்பிச்சிரும்" என்பார். எனக்கு அது முதலில் கிறுக்குத்தனமாகப் பட்டது. ஒரு வருடம் அப்படி ஒரு வண்டியைப் பின்னால் விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. முந்தின நாள் வரை நன்றாக நடந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நொண்டினார்கள். நேர்ச்சை வைத்து நடப்பவர் வண்டியில் ஏறினால் நேர்ச்சை முறிந்தது என்று அர்த்தம். அந்த ஆசையைக் கண்ணில் காட்டாமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

காவடி தனிச் சங்கதி. திருச்செந்தூர் போய் இறக்கும்வரை அது தரையில் படக் கூடாது. தங்கும் இடத்தில் மேடையோ பெஞ்சோ வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பெரிய மண்டபம் போட்டுக் கொடுத்துப் பெருமையாக நின்றேன். உள்ளே சாய்த்து வைக்க ஒரு திண்டு கூட இல்லை. நடந்து வந்தவர்கள் காவடியோடு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி எதிர்த்த டீக்கடைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு எங்கள் சாமான் வண்டியின் மேல் எப்போதும் ஒரு நீளப் பெஞ்சு கட்டியிருக்கும். தங்க இடமும் முடிந்தவரை பள்ளிக்கூடமாகவே பார்த்தோம். பாளையங்கோட்டையில் பெஞ்சுக்கா பஞ்சம்?

நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்திலேயே லீவு நாளில் ஹால் கேட்டேன். தலைமையாசிரியர் ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, உள்ளே சூடம் கொளுத்தக் கூடாது, வேப்ப மரத்தடியில் கொளுத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கரும்பலகையில் யாரோ எழுதிய வசனத்தை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாகப் பெஞ்சில் காவடிகள். அந்தக் குழுவின் குருசாமி வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நல்லாத்தானே எழுதியிருக்காங்க" என்றார். அதற்குப் பிறகு வருடா வருடம் அதே ஹால்தான்.

இந்தக் குருசாமி கல்லிடைக்குறிச்சியில் கொத்தனார். குழுவைக் கூட்டிப் போவதில் கறாரான ஆள். நடக்கிறவர்கள் போன் வைத்திருக்கக் கூடாது என்பார். எல்லாருடைய போனும் ஒரு சாக்கில் கட்டி எங்கள் வண்டியில் கிடக்கும். வீட்டில் அவசரம் என்றால் கூப்பிடுவதற்கு என் நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்.

நான் சொல்ல வந்த வருடம், அவர் குழுவில் சண்முகத்தாய் என்று ஒரு அம்மாள் வந்தார். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வேலை. ஒல்லியான தேகம், ஆனால் தோள் மட்டும் உறுதியானது. மயிலிறகு கட்டிய சின்னக் காவடி, இரண்டு பக்கமும் சர்க்கரைச் சொம்பு. பள்ளிக்கூடத்தில் தங்கிய அன்று சாயங்காலம் காலுக்கு வெந்நீர் கேட்டு என்னிடம் வந்தார். பாளையங்கோட்டையில் குடையும் கைப்பையுமாக நிற்கிற பொம்பளை என்றால் டீச்சர்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் திருத்தவில்லை.

ஒரே மகளை வள்ளியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மூன்று தடவை கரு கலைந்துவிட்டது. இது நாலாவது. எட்டாம் மாதம்.

"பேறுகாலத்துக்கு எங்க வீட்டுக்கு அனுப்புங்கன்னு போய் நின்னேன் டீச்சரம்மா. அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. 'கட்டிக் குடுத்த அன்னைக்கே அவ எங்க வீட்டு ஆளு, எங்க வாரிசு எங்க வீட்லயே பெறக்கட்டும்'னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை நல்லவருதான், ஆனா அம்மா பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது."

"அதுக்காகத்தான் காவடியா?"

"ஆமா, அதுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு வெந்நீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேரப்பிள்ளைக்காக நேர்ந்திருக்கிறார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அவருக்கு முதல் வரிசையில் இடம் விட்டு நடந்தார்கள்.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். நான் சாமான் வண்டியோடு முன்னால் போய்க் கருங்குளத்தில் இட்லி இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போது போன் வந்தது. சண்முகத்தாயின் வள்ளியூர் மாப்பிள்ளை. ராத்திரியே ரத்தப்போக்கு ஆரம்பித்து, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஆனால் அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்கிறாள்.

"அம்மா வந்தாத்தான் போவேங்கா. யார் சொல்லியும் கேக்க மாட்டேங்கா. அத்தையை எப்படியாவது கூட்டிட்டு வாங்கம்மா" என்று அழுதார்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கு என்ன தோணுதோ அதைச் செய்யட்டும். இங்க இருந்து நான் கெளம்புதேன்" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் 'அந்த அம்மா' சண்முகத்தாய் இல்லை, நான் என்று உறைத்தது.

வண்டியைத் திருப்பினோம். குழு செய்துங்கநல்லூரைத் தாண்டி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே எதிரே வந்துகொண்டிருந்தது. செருப்பில்லாத கால்கள், தார் சூடேறும் முன்பே பழக்க தோஷமாக ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேல் ஒற்றை வரிசையாக. வண்டி எதிரே வருவதைப் பார்த்ததும் குருசாமிக்கு முகம் மாறிவிட்டது. நான் இறங்கிப் போய் சண்முகத்தாயிடம் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் சுற்றி வளைப்பது பாவம்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தோளில் காவடி ஆடியது.

"நான் எப்படி வர? வண்டியில ஏறினா நேர்ச்சை முறிஞ்சிரும்லா. அவளுக்காக நடக்கேன், நடுவழியில முறிச்சிட்டுப் போய் அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"போகலைன்னா அவ உள்ள போக மாட்டேங்கா."

"ஐயோ முருகா, என்னை ஏன் இப்படி நிறுத்துத?" என்று சத்தமாகவே கேட்டார். கூட வந்த பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வேறு யாராவது காவடியை வாங்கிக்கொள்ளலாம் என்றால், ஆளுக்கொரு காவடி தோளில் இருக்கிறது. ஒருவர் இரண்டு நேர்ச்சை சுமக்கக் கூடாது. கீழே வைக்கவும் கூடாது.

நான் டிரைவரிடம் மேலே இருந்த பெஞ்சை இறக்கச் சொன்னேன். புங்க மரத்தடியில் போட்டான். பிறகு அவரிடம் சொன்னேன். "ஏறப்போறது நீங்க. காவடி ஏறல. இந்த இடத்தை விட்டு அது நகராது. நீங்க திரும்பி வந்து, நின்ன இடத்துல இருந்தே எடுத்து நடங்க. வண்டி உங்களை இங்கனயேதான் கொண்டாந்து விடும்."

எல்லாரும் குருசாமியைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் அவரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

"இடம் மாறலேன்னா நடை முறியாது" என்றார். "ஆனா காவடியைத் தனியா விட்டுட்டுப் போக முடியாதே. கூட ஒரு ஆள் வேணும். வெயில் ஏறுதுக்குள்ள இத்தனை பேரையும் நான் நிழலுக்குக் கொண்டு சேக்கணும்."

"நான் இருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வேதக்காரவங்கல்லா."

"உக்காரத்தானே போறேன், தூக்கவா போறேன்? மாடு வந்தா விரட்ட எந்த வேதமா இருந்தா என்ன?"

"கவிச்சி ஏதும் சாப்பிட்டியளா?"

"விடிகாலையில இருந்து உங்களுக்கு இட்லி எண்ணிக்கிட்டு இருக்கேன். இதுல எவ மீன் குழம்பு வைப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, சொம்பில் மஞ்சள் தண்ணீர் வாங்கிப் பெஞ்சில் தெளித்தார். சண்முகத்தாயின் தோளில் இருந்து காவடியைப் பைய இறக்கி, கிழக்குப் பார்க்க வைத்தார். அதுவரை எல்லாரையும் சாமி என்றே கூப்பிட்டவர், "போயிட்டு வா தாயி" என்றார். அந்த அம்மாள் வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். வண்டி போனது, குழு போனது, நான் காவடியோடு ரோட்டோரம் நின்றேன்.

அந்தப் பகல் போல ஒரு பகலை நான் அதற்கு முன்பும் கழித்ததில்லை, பின்பும் இல்லை. தைப்பூசத்துக்கு நடக்கிற வேறு குழுக்கள் வந்துகொண்டே இருந்தன. காவடியைப் பார்த்துக் கும்பிட்டார்கள், பக்கத்தில் நிற்கிற என்னையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் இரண்டு வாழைப்பழத்தைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, "சாமிக்கு எந்த ஊரு?" என்றார். பாளையங்கோட்டை என்றேன். வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. எங்கள் சபை அக்கா அந்த வழியாகக் காரில் போய்விடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார். "அத்தை வந்துட்டாங்க. அவங்க கையைப் பிடிச்சிட்டே உள்ள போயிட்டா." அவ்வளவுதான். அதன்பின் போன் அடிக்கவில்லை. நான் கூப்பிடவும் பயந்தேன்.

வெயில் ஏறி மரத்து நிழல் பெஞ்சை விட்டு நகர்ந்தது. என் குடை வண்டியோடு போய்விட்டது. பெஞ்சை இழுக்க முடியாது, இடம் மாறக் கூடாது. அப்போது அண்ணாச்சியின் கார் வந்தது. எனக்குப் பதிலாகக் கருங்குளத்தில் சாப்பாடு போடப் போகிறார். நிறுத்தி இறங்குவார் என்று பார்த்தேன். கண்ணாடியை இறக்கி ஒரு குடையை நீட்டினார். "வெயிலு" என்றார், முதன்முறையாக என்னை நேராகப் பார்த்து. போய்விட்டார். குடையை முதலில் எனக்குத்தான் பிடித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. நடுவில் பிடித்து, காவடிக்குப் பாதி, எனக்குப் பாதி என்று ஆக்கினேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிச் சொல்ல இங்கே உட்காரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சு ஓரத்தில் நான் வாய்விட்டு ஜெபம் செய்தேன். எனக்குத் தெரிந்த ஜெபம்தான், எனக்குத் தெரிந்தவரிடம்தான். அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் காப்பாற்றும் என்று கேட்டேன். காவடிக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறோமே என்று ஒரு கூச்சமும் வரவில்லை. பசித்தது. வாழைப்பழத்தைத் தொட மனசு வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு எங்கள் வண்டி வருவது தெரிந்தது. சண்முகத்தாய் இறங்கினார். முகத்தைப் பார்த்ததும் குடையை மடக்கிக் கீழே வைத்தேன்.

"மக இருக்கா டீச்சரம்மா. பிள்ளை தங்கல. ஆம்பளப் பிள்ளை."

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. முருகன்மேல் வந்தது, என் கர்த்தர்மேலும் வந்தது. "இனி என்னத்துக்குங்க நடக்கணும்? போய் மககூட இருங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று கத்தியே விட்டேன்.

"குருசாமிக்குப் போன் போட்டுத் தாங்க" என்றார்.

கருங்குளத்தில் இருந்த அண்ணாச்சி போனுக்குப் போட்டு, குருசாமியைக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளை இறந்த வீட்டுத் தீட்டு தனக்கு உண்டா, காவடியைத் தொடலாமா என்று கேட்டார். குரல் நடுங்கவே இல்லை. அந்தப் பக்கம் குருசாமி பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"மகளைக் கட்டிக் குடுத்தாச்சுல்லா தாயி?"

"ஆமா."

"அப்ப அவ அந்த வீட்டு ஆளு. பிள்ளையும் அந்த வீட்டுப் பிள்ளை. தீட்டு வள்ளியூருக்குத்தான். உனக்கு இல்ல. முழுகிட்டு வந்து காவடியை எடு. நீ வாற வரைக்கும் நாங்க இங்கனயே இருக்கோம்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் அவர் உடைந்துபோனார். "கேட்டீயளா டீச்சரம்மா? எம்மக அந்த வீட்டு ஆளாம். பேறுகாலத்துக்கு அனுப்பச் சொன்னப்பவும் இதைத்தான் சொன்னாங்க. இப்ப காவடியை எடுன்னு சொல்லுததுக்கும் இதையேதான் சொல்லுதாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். டிரைவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அழுது முடித்து, பக்கத்து வாய்க்காலில் முழுகிவிட்டு, ஈரப் புடவையோடு வந்தார். குனிந்து காவடிக்குத் தோள் கொடுத்தார். நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "பிள்ளைக்காகத்தானே நேந்தீங்க?"

"ஊரு அப்படிச் சொல்லுது. நான் பிள்ளையக் கேக்கல. அவதான் பிள்ளை பிள்ளைன்னு கெடந்தா. நான் மூணு தடவையும் அவளை அந்தக் கட்டில்ல வெளுத்துப்போய்ப் பாத்தவ. இந்தத் தடவை அவ உசிரைக் குடுத்துருன்னுதான் முருகன்ட்ட கேட்டேன். குடுத்துட்டாம்லா. இனி நடக்காம இருக்க முடியுமா? அவளே கண்ணு முழிச்சு, நான் வந்த கதையைக் கேட்டதும், 'அந்தம்மா ரோட்டுல நிப்பாங்களே, நீ போய் முடிச்சிட்டு வா'ன்னுதான் சொன்னா."

தனியாக விட மனசில்லாமல் நானும் கூடவே நடந்தேன். எத்தனையோ வருடம் அந்த ரோட்டில் வண்டி விட்டிருக்கிறேன், நடந்தது அன்றுதான். டிரைவரைப் பெஞ்சோடு முன்னால் போகச் சொல்லிவிட்டேன். வாழைத் தோட்டமும் வாய்க்காலுமாக வந்துகொண்டே இருந்தது. கருங்குளம் தெரிய ஆரம்பித்தபோது, அவர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"டீச்சரம்மா, ஆஸ்பத்திரியில அவளை விடுற அன்னைக்கு ஒரு வண்டி போட்டுத் தருவியளா?"

"தாராளமா. வள்ளியூருக்குத்தானே?"

"கல்லிடைக்குறிச்சிக்கு."

"அவங்க விடுவாங்களா?" என்றேன்.

"தீட்டை அவங்க வச்சிக்கிடட்டும். மகளை நான் கொண்டு போறேன்."

அந்த அம்மாள் திருச்செந்தூர் போய்க் காவடியை இறக்கிவிட்டு, திரும்புகிற பஸ்ஸில் நேராக ஆஸ்பத்திரிக்கே போனார். ஆஸ்பத்திரியில் மகளை விடுகிற அன்று நான் வண்டி அனுப்பினேன். நடு சீட்டைக் கழற்றி மெத்தை விரிக்கச் சொன்னேன். வள்ளியூர்க்காரர்கள் வந்து தடுப்பார்களோ என்று ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் திரும்பி வந்ததும், "யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்ல மேடம். கல்லிடைக்குறிச்சியில பத்திரமா எறக்கிட்டேன். அம்மா மடியில தலை வச்சுப் படுத்தே வந்துச்சு அந்தப் பொண்ணு. மாப்பிள்ளை மட்டும் பைக்ல பின்னாலயே வந்தாரு. திரும்பக் கூப்பிட வாராரோன்னு நெனச்சேன். வீட்டு வாசல்ல நிறுத்தி, அந்தப் பொண்ணோட துணிமணியெல்லாம் பையில இருந்து எடுத்துக் குடுத்தாரு. பெறகு தன்னோட பையையும் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு."